படத்தில் உன் கை

அன்பு மகளே,

இங்கே நானும் உன் தம்பியும் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன், ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. வீட்டுக்கு அனுப்பாமல் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறாளே என்று பதறாதே. போனில் சொல்லலாமென்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாய், உன் மாமியார் பக்கத்திலேயே இருப்பார். இது அவர் காதில் விழுகிற விஷயமில்லை. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் கூட்டத்துக்கு நிதி கிடைத்துவிடும் போலிருக்கிறது.

என்ன கூட்டம் என்று கேட்பாய், நான் முழுசாய்ச் சொன்னதில்லை. யாரோ திருடிய வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்ததற்காக உன் தம்பி பதினான்கு மாதம் உள்ளே இருந்தானே, அதில் கடைசி ஐந்து மாதம் ஜாமீன் கிடைத்த பிறகும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் இருந்தது. அப்போது கோர்ட் வாசலில் என்னைப் போலவே நின்றவர்களும் பின்னால் வந்து சேர்ந்தவர்களுமாகப் பதினோரு பேர், வெள்ளிக்கிழமை மத்தியானம் என் தையல் கடையில் கூடுகிறோம். யாருக்கு வாய்தா இருக்கிறதோ அவர்களோடு இரண்டு பேர் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவோம். சும்மாதான் உட்காருவோம், ஆனாலும் பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் வக்கீல் கொஞ்சம் நிமிர்ந்து நின்று பேசுகிறார். பொறுப்பேற்க ஆள் இல்லாத ஏழையை அவன் சொந்தப் பொறுப்பிலேயே வெளியே விடவேண்டும், அப்படிச் சட்டத்தை மாற்றுங்கள் என்று மனு எழுதித் தெருத்தெருவாய்க் கையெழுத்து வாங்குகிறோம். எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு, யாரும் யாரையும் என்ன கேஸ் என்று கேட்கக் கூடாது. சலவைக்கடைக்காரி ஒரு வருஷமாய் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள், அவள் புருஷன் எதற்காக உள்ளே இருக்கிறான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால்தான் அவள் வருகிறாள்.

நிதி தரும் அலுவலகத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், துணிக்குப்பையை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பேசினாள். பஸ் செலவு, மாதச் சம்பளத்துக்கு ஒரு வக்கீல் எல்லாம் தருவார்களாம். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில்தான் வில்லங்கம், ஐந்து குடும்பங்களின் பெயர், வழக்கு, புகைப்படம் வேண்டுமாம். சலவைக்கடைக்காரி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். “என் பொண்ணு ஸ்கூல்ல தெரிஞ்சா அவ தலை நிமிர முடியாதுக்கா, நான் இனிமே வரல” என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். உட்காருங்கடி, ஒரு குடும்பம் போதுமான்னு கேட்டுப் பாக்கலாம், அது என் குடும்பமா இருக்கட்டும் என்று வாய் முந்திக்கொண்டது. அந்தப் பெண்ணும் மேலிடத்தில் கேட்டு ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உன் ஞாபகம் வந்தது, அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் கல்யாணத்தின்போது தம்பி வெளியூரில் வேலையாயிருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்று சொன்னோமே. சம்பந்தியம்மா முகத்தைப் பார்த்துச் சொன்னவள் நான்தான், உன்மேல் பழி போட மாட்டேன். விண்ணப்பத்தின் அந்தக் கடைசிப் பக்கத்தைப் புத்தகத்தில் போட்டு இணையத்திலும் ஏற்றுவார்களாம். உன் மாமியார் போனில் எதைத்தான் பார்க்காமல் விடுகிறார், எந்த நாட்டில் பூனைக்குட்டி தும்மினாலும் எனக்கு அனுப்பிவிடுகிறார். மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனாலும் நாலு வருஷம் மறைத்தோம் என்று தெரிந்தால் உன்னை என்ன கேட்பாரோ என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. முடியாது என்று எழுதிவிடலாமென்றால் நிதி போய்விடும். சலவைக்கடைக்காரியின் புருஷனுக்கு ஜாமீன் கிடைத்து மூன்று மாதமாகிறது, இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

உன் தம்பி உள்ளே போவதற்கு முன்னால் எடுத்த படம்தான் வேண்டுமாம். நம்மிடம் இருப்பது ஒன்றுதான், ஸ்டுடியோவில் நாம் மூன்று பேரும் நிற்போமே, அது. உன் தம்பி அதைப் பார்த்துவிட்டு என் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினான். “அக்காவ வெட்டிட்டு ஒட்டும்மா, அவளுக்கு நம்மால ஒண்ணும் வர வேணாம்” என்றான். துணி வெட்டுகிற கத்தரியில் காகிதத்தை வெட்டினால் முனை மழுங்கிப்போகும் என்று அவனைச் சத்தம் போட்டுவிட்டேன். அவன் போனபிறகு எடுத்து வைத்துப் பார்த்தேன். உன் கை அவன் தோளில் இருக்கிறது. எந்தப் பக்கம் வெட்டினாலும் உன் நாலு விரலும் அவன் தோளிலேயே நின்றுவிடும்.

நீ வேண்டாம் என்றால் அனுப்ப மாட்டேன், கோபமும் இல்லை. சரி என்றால் புத்தகம் வருவதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் நீயே உன் வாயால் சொல்லிவிடு, இன்னொருத்தர் சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். குட்டிக்குக் காதை மூடித் தொப்பி போடு. மாதக் கடைசியில் படத்தை வாங்க வருவார்கள், அதற்குள் பதில் எழுது. உன்னை ரொம்ப விசாரித்ததாக எழுதச் சொன்னான், வெட்டச் சொன்னவன்தான்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா