கேட்டதாகத் தலையாட்டினேன்

மார்ச் 3, ஞாயிறு

கால்நடை மருத்துவர்களுக்கான மறுபயிற்சி வகுப்பு. இன்று நாய்களின் இதயம். வகுப்புக்கென்று கொண்டுவந்திருந்த ஒரு கிழட்டு நாயின் நெஞ்சில் ஆளாளுக்கு ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தோம். "துடிப்புக்கு நடுவுல காத்து கசியற மாதிரி ஒரு இரைச்சல் கேக்குதா? அதுதான் இதயக் கோளாறு" என்றார் பயிற்சியாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எனக்குத் துடிப்பு மட்டும்தான் கேட்டது.

மார்ச் 4

புது ஸ்டெதஸ்கோப் வாங்கினேன். பழையதன் மேல் பழியைப் போடலாம் என்று ஒரு நப்பாசை.

மார்ச் 6

இன்று கிளினிக்கில் பார்த்த அத்தனைக்கும் இதயம் நன்றாக இருக்கிறது. அத்தனைக்கும்! அப்படி இருக்க வழியே இல்லை. வீட்டுக்கு வந்தால் இவர், "டிவியை ஏன் இப்படி அலற விடற? பக்கத்து வீட்லயும் நம்ம சீரியல்தான் ஓடுது" என்கிறார். சிரித்திருக்க வேண்டும். எரிந்து விழுந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

வகுப்பில் செய்முறைத் தேர்வு. மூன்று நாய்கள், எந்த நாய்க்கு இரைச்சல் என்று எழுத வேண்டும். பக்கத்தில் இருந்தவரின் தாளைப் பார்த்து எழுதினேன். ஐம்பத்து நாலு வயசில் காப்பி! முழு மதிப்பெண். கைதட்டினார்கள். எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

மார்ச் 12

யாரிடம் சொல்வது? சொன்னால் கிளினிக் பக்கம் எவன் எட்டிப் பார்ப்பான்? சொல்லாவிட்டால் — மயக்க ஊசி போட்ட ஏதோ ஒன்று ஒரு நாள் எழுந்திருக்காது. அப்புறம் நான் என்னத்தைச் சொல்லி என்ன?

மார்ச் 14

தெருமுனைத் தையல்காரம்மாவின் பூனைக்குக் கருத்தடை அறுவை. மயக்குவதற்கு முன் நெஞ்சைக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. எனக்குத்தான் இப்போது எல்லாமே சுத்தமாக இருக்கிறதே. ஊசியை எடுத்தேன். வைத்துவிட்டு, என்னோடு வேலை பார்க்கும் சின்ன டாக்டரைக் கூப்பிட்டேன்.

"எனக்குச் சரியா காது கேக்கலம்மா. நீ பாரேன்."

தையல்காரம்மா எதிரில்தான் நின்றிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

சின்ன டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு குனிந்து வெகு நேரம் கேட்டாள்.

"இரைச்சல் இருக்கு மேடம். நல்லாவே இருக்கு. இன்னிக்கு வேணாம்."

தையல்காரம்மா பூனையை வாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கழிவறைக்குள் போய் அழுதேன்.

மார்ச் 20

காது டாக்டரைப் பார்த்தாயிற்று. போனது போனதுதானாம். இனி நெஞ்சைக் கேட்பது சின்ன டாக்டர், கத்தி பிடிப்பது நான்.

இன்று தையல்காரம்மா தன் தங்கை வீட்டு நாயை இழுத்துக்கொண்டு வந்தார். வாசலிலிருந்தே எனக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்:

"டாக்டரம்மா, இதையும் ரெண்டு பேருமா பாருங்க!"