ஆடிக்குள் மூட வேண்டிய வண்டி

ஆடி 20, செவ்வாய்
பேய்க்காற்று. கொடியில் துணி நிற்கவில்லை.
கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்த எங்கள் வேன் கொட்டகையில் சும்மா நிற்கிறது. என் வீட்டுக்காரர் இவருக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஒரு வருடம் ஸ்டீயரிங் தொடக் கூடாது, டாக்டர் கண்டிப்பு. மகன் விற்கச் சொல்கிறான்.
"ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்குங்கம்மா? துருப்பிடிச்சுப் போயிருமுங்க."
ஆடியில் வண்டி கை மாறாது. ஆவணி ஒன்று வாங்க ஆள் வருகிறானாம். கேட்டதும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.
துருப்பிடித்தால்தானே?

ஆடி 24, சனி
ஒரு வருடம் வேன் கெடாமல் நிற்கணும். தொட்டித் தண்ணீர் வடித்தாச்சு. கேஸ் சிலிண்டர் வெளியே. பேட்டரி ஒயர் கழற்றினேன். போனில் பார்த்துக் கற்றது, முதலில் மைனஸ். மெத்தை நிமிர்த்தி. பூசணம் பிடிக்காமல் ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் துண்டு. அலமாரியில் நொச்சி இலை. எலி புகாமல் சைலன்சர் வாயில் சிவப்புத் துணி (எடுக்க மறக்கக் கூடாது).
முன்கண்ணாடிப் பிள்ளையார் அங்கேயே இருக்கட்டும். காவலுக்கு ஆள் வேண்டாமா.

ஆடி 28, புதன்
மகன் சமாதானத்துக்கு வந்தான். "அம்மன் கோயில்ல பூக் கேட்டுப் பாக்கலாமுங்கம்மா. வெள்ளை வந்தா வித்துப்போடலாம். செவப்பு வந்தா நான் வாயே தொறக்க மாட்டனுங்க."
என்னைத் தெரிந்தவன். தோட்டத்தில் போர் போட, இவன் கல்யாணம் பேச, இவர் ஆபரேஷனுக்குக்கூட, வெள்ளைக்கொன்று சிவப்புக்கொன்று பொட்டலம் இரண்டு மடித்து, சாமி முன் ஒன்றை எடுக்கச் சொல்லிப் பூக் கேட்டுத்தான் செய்தேன். வந்த பூவை ஒருநாளும் மீறியதில்லை.
"கேக்க மாட்டேன் கண்ணு."
"ஏனுங்கம்மா, சாமி மேல நம்பிக்கை போச்சுங்களா?"
"இருக்கறதுனாலதான் கேக்கல."
வெள்ளை வந்துவிட்டால்? தாயே, கோபித்துக்கொள். இது ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்பதாக இல்லை.

ஆவணி 1, ஞாயிறு
ஆள் வந்தான். ஓட்டிப் பார்க்கணுமாம். கொட்டகையைத் திறந்தேன். வேன் நான்கு இரும்பு ஸ்டாண்டின் மேல். நேற்றே டயர்க் கடைக்காரரை வரச்சொல்லிச் சக்கரங்களைக் கழற்றியாச்சு. ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பையாகும்.
"சக்கரம் எங்கீங்க?"
"சாமி ரூம்ல. வண்டி விக்கறதில்லீங்க. காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க."
மகன் தலையில் கை. உள்ளே சிரிப்புச் சத்தம். இவர்தான். ஆபரேஷனுக்குப் பின் முதல் சிரிப்பு. கம்பு ஊன்றிக் கொட்டகை வரை வந்து வேனைத் தடவினார்.
"எங்க போலாம் அம்மணி?"
"மொதல்ல தோட்டத்து கேட் வரைக்கும் நடங்க."
போய் வந்தார். மூச்சு வாங்கியது. நாளை இரண்டு தடவை.