மணிக்கட்டின் படகெலும்பு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இனி இடது கையால் பல் துலக்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். மனைவியிடம் முறைப்படி அறிவித்தேன். "சரி, பேஸ்ட் மூடியை யார் திறப்பா?" என்றாள். அதை நான் யோசித்திருக்கவில்லை.

காரணம் சாதாரணமானது. கரியாஹாட் மீன்கடை வரிசையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு. ஈரச் சுண்ணாம்பு போன்ற அதன் வாசனை எழுந்ததும் நீ வந்துவிட்டாய். செத்து ஒரு வருடம் ஆனவன் இவ்வளவு பக்கத்தில் வருவது நல்லதற்கில்லை.

நீயும் இப்படித்தான் விழுந்தாய், டாக்குரியா ஸ்டேஷன் படியில். உன்னோடு டாக்டரிடம் வந்தவன் நான். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள், நாலு நாலாக இரண்டு வரிசை என்று அவர் விளக்கினார். கட்டைவிரல் பக்கம் இருப்பது படகெலும்பு. பெரிய முந்திரிப்பருப்பு அளவுதான். அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்தால் மறுபாதி பட்டினி கிடந்து செத்துப்போகலாம். முதல் எக்ஸ்ரேயில் உடைவு தெரியாமலும் போகும். ஆகவே இரண்டு வாரம் கட்டு, பிறகு இன்னொரு படம். எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுக்கொண்டோம்.

ஒன்பதாம் நாள் நம் தெரு கிளப்பில் கேரம் இரட்டையர் இறுதி ஆட்டம்.

"படத்துல ஒண்ணுமே இல்லையேடா, எதுக்கு இந்தச் சிமெண்டு?" என்றாய்.

நான் உன் ஜோடி. நீ ஆடாவிட்டால், காயைவிடச் சட்டத்தையே அதிகம் அடிக்கும் கிளப் செயலாளரோடு நான் ஆடவேண்டும்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா ஒண்ணும் இல்ல" என்று மருத்துவம் பேசி, ஆபீஸ் கத்தரிக்கோலால் மாவுக்கட்டை வெட்டியவன் நான்தான்.

"ஹாத் டா பாலோ தோ, தாதா?" என்று எதிரணி வங்காளி, அண்ணா என்று அழைத்துக் கை நலம் விசாரித்தார். "கூப் பாலோ", ரொம்ப நல்லாயிருக்கு, என்று சொல்லிக்கொண்டே சிவப்புக் காயைப் போட்டாய். ஜெயித்தோம். ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

இரண்டாவது படத்துக்கு நீ போகவில்லை. அடுத்த வருடம் போனபோது பாதி எலும்பு செத்திருந்தது. அதன்பின் உன் வலது கை மண்குவளை டீயைக்கூட நம்பி ஏந்தவில்லை. போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிறர் ஆட்டத்தைத் திட்டுவதோடு சரி. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம், "சும்மா இருடா, கடிகாரம் நல்லாத்தானே ஓடுது" என்பாய்.

எனக்கும் முதல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதிலிருந்துதான் பயம். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே டாக்டர் அழுத்தியபோது கத்திவிட்டேன். இப்போது கட்டுக்குள் அந்த இடம் துடித்தால், ரத்தம் போகிறதா என்று கவனித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். வலி குறைந்தால் இன்னும் பயமாக இருக்கிறது. செத்த பாதி வலிக்குமா என்று உன்னிடம் கேட்டுவைத்திருக்கலாம். வீட்டுக் கத்தரிக்கோல்களை மேல்மாடியில் பௌதி, அதாவது அண்ணி, என்று நாங்கள் கூப்பிடும் அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டேன். அந்த அம்மாள் காரணம் கேட்கவில்லை. என் மனைவியைத்தான் கவலையோடு பார்த்தார்.

உன்னுடைய அந்தக் "கொஞ்சம்" இத்தனை வருடமாக என்னோடு இருக்கிறது. யார் வலிக்கிறதா என்று கேட்டாலும் "நிறைய" என்றே சொல்கிறேன்.

நேற்று இரண்டாவது படம் எடுத்தார்கள். எலும்பு இரண்டாக இருக்கிறது.