ரியாக்டர் வெடித்த மதியம்

இன்று காலை அடுகோடியில் ஒரு நகைப் பட்டறையைக் கடக்கும்போது நைட்ரிக் அமிலத்தின் நெடி மூக்கில் ஏறியது. வண்டியை ஓரங்கட்டி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் முகம் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தது அல்ல, அதற்கு முந்தையது.

பீன்யா ஃபேக்டரியில் நாம் இருவரும் ஒரே லேபில் இருந்தோம். புற்றுநோய் மருந்துக்கான ஒரு மூலப்பொருளைத் தயாரித்தோம். அதில் நைட்ரிக் அமிலம் சேர்க்கும் கட்டத்தில் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும். அதை மாற்றத்தான் நீ போராடினாய். பெரிய ரியாக்டர் கலனில் மொத்தமாகக் கலக்காமல், லேபில் மெல்லிய குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட்டுக் காட்டினாய். சூடும் அடங்கியது, சரக்கும் கூடுதலாகக் கிடைத்தது.

மேனேஜர் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கும்மா. இந்த ஆர்டர் முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாம்."

"அதுக்குள்ள யாராவது செத்தா சார்?" என்று கேட்டாய். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த ஆர்டர் முடியும் முன்பே, ஒரு மதியம், குளிர்நீர் பம்ப் நின்றது. ரியாக்டர் மேடையில் நாம் இருவரும் ஆபரேட்டர் மஞ்சுநாத்தும் இருந்தோம். மூடியைச் சுற்றிப் பழுப்புப் புகை பீறிட்டது. மஞ்சுநாத் முகத்தைப் பொத்திக்கொண்டு, "மேடம், கண்ணு காண்ஸ்தாயில்ல" என்று, கண் தெரியவில்லை எனக் கன்னடத்தில் அலறினார்.

"ஓடுடி" என்று என்னைப் படியில் தள்ளினாய். உருண்டு விழுந்ததில் என் தோள் எலும்பு முறிந்தது. நீ புகைக்குள் திரும்பிப் போய், அவரைச் சட்டையோடு இழுத்து வந்து படியில் உருட்டிவிட்டாய். அடுத்து நீ இறங்க வேண்டும். அதற்குள் ரியாக்டர் வெடித்தது. மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. அமிலம் உன்மேல் கொட்டியது.

நீ எழுந்து நடந்து வந்தாய். கையுறையைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. "வலிக்கலடி" என்றாய். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான் இருந்தாய். உன் அடக்கத்துக்கு மேனேஜர் மாலையோடு வந்தார். லிங்கராஜபுரத்து சர்ச் வாசலில், கட்டுப் போடாத கையால் அவர் கழுத்தைப் பிடித்தேன். உன் அப்பாதான் என் விரல்களைப் பிரித்தார். "விடும்மா, அவ உள்ள இருக்கா" என்றார்.

இப்போது வேறு கம்பெனியில், உன் குழாய் முறையில்தான் அதே பொருளைத் தயாரிக்கிறேன். போன மாதம் ஒரு அவசர ஆர்டரைப் பெரிய ரியாக்டரிலேயே போடச் சொன்னார் புது அதிகாரி. ஸ்பேனரை எடுத்துப் போய், அந்த ரியாக்டருக்கு அமிலம் போகும் பைப்பைக் கழற்றி, கழுவி, அவர் மேசைமேல் வீசினேன். மேசைக் கண்ணாடி நொறுங்கியது.

"வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும் சார்."

போகவில்லை. அந்த ஆர்டர் குழாயில்தான் ஓடியது.

கோபம் போகப் போக ஆறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் பிளான்ட்டுக்குள் நுழைகிறேன்.