இந்த ஆளைத் தெரியாது

தேவமாதா உங்களைக் காப்பாளாக.

ஆவூர்ப் பக்கம்,
ஆனி மாதம், 1955

என் வீட்டுக்காரர் ஆரோக்கியமுத்து அவர்களுக்கு, மரிய செல்வி வணக்கத்தோடு எழுதுவது. நானும் மகள் அமலியும் சுகம். கொழும்பு முகாமில் உங்களை அடைத்து வைத்திருப்பதாக, கொழும்புக்கு ஆள் அனுப்பும் ஹனீபா பாய் சொன்னார். சோறு கிடைக்கிறதா, பழைய நெஞ்சுவலி வருகிறதா என்பதே என் கவலை. இதை அவர் ஆள் உங்கள் கையில் தருவார். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இங்கே மழை இல்லை. கடலைச் செடி வாடிக் கிடக்கிறது. நீங்கள் பண்ணை வேலையை விட்டு ஓடிப்போனதற்குப் பதிலாக அமலியைப் பண்ணைத் தொழுவத்தில் வைத்துக்கொண்டார்கள். சாணி அள்ளுகிறாள்.

திருச்சிக்கு ஓடிய ரெங்கசாமி அண்ணனைப் பிடித்து வந்துவிட்டார்கள். மாட்டைத் திருடினான் என்று பண்ணையார் எழுதிக் கொடுத்தார். போலீசே கொண்டுவந்து விட்டது. கட்டிவைத்து அடித்ததில் அண்ணனுக்கு வலது கை விளங்கவில்லை. உங்கள் பேரிலும் அதே புகார் இருக்கிறது.

போன வாரம் ஓர் அதிகாரி வந்தார். இலங்கையில் கள்ளத்தோணி என்று பிடிபட்டவர் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார், இந்த ஊர் ஆள்தான் என்று சாட்சி சொன்னால் கப்பலேற்றி இங்கேயே அனுப்பிவிடுவார்கள் என்றார். ஏன் ஊர்ப் பெயரைச் சொன்னீர்கள்?

அவர் கொண்டுவந்த உங்கள் படத்தைப் பண்ணையார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. நம்மவர் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்? “எல்லாப் பயலும் ஒரே மாரித்தான் இருக்கான். பொண்டாட்டிக்காரியக் கூப்புடு” என்றார்.

வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றேன். அதிகாரி படத்தைக் கையில் தராமல் தரையில் வைத்தார். குனிந்து பார்த்தேன். கன்னம் ஒட்டி, முன்பக்கம் நரைத்துப் போயிருந்தீர்கள். அப்படியே எடுத்து மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றியது.

“இவரு யாருன்னு தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரரு கடல்லயே செத்துப்போயிட்டாரு” என்றேன்.

“செத்தவன் பொண்டாட்டிக்குக் கழுத்துல என்னத்துக்குடி தாலி?” என்றார் பண்ணையார். அங்கேயே கழற்றினேன். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு வெள்ளைச் சேலை. அமலி அழுதுகொண்டே இருக்கிறாள். சிறு பிள்ளை, வாய் தவறிவிடும் என்று அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. ஊரார் துக்கம் கேட்டு வருகிறார்கள். அவர்கள் முன்னால் அழுவது மட்டும் எனக்குச் சிரமமாக இல்லை.

உன் பெண்டாட்டியே உன்னைத் தெரியாது என்கிறாள் என்று அங்கே சொல்வார்கள். மனம் உடைந்துவிடாதீர்கள். இரண்டு நாடும் வேண்டாம் என்றால் உங்களை எங்கே வைப்பார்களோ, தெரியவில்லை. அனுப்ப இடம் இல்லாதவர்களைச் சில சமயம் விட்டுவிடுகிறார்கள் என்று பாய் சொன்னார். அதை நம்பித்தான் தெரியாது என்று சொன்னேன்.

இனி நான் எழுத முடியாது. வெள்ளைச் சேலைக்காரிக்கு இலங்கையில் யார் என்று கேட்பார்கள். செபத்தில் உங்கள் பெயரை உயிரோடு இருப்பவர்களோடு சேர்த்து, வாய்க்குள்ளேயே சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். யார் கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டதாகச் சொன்னாலும், வந்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி,
மரிய செல்வி