நெருப்பெரிச்சலில் பார்ஸ்னிப்

9 நவம்பர் 2025, ஞாயிறு

இன்று விதை போட்டேன். ஜோதிகாவோடு இங்கிலாந்தில் வேலை பார்க்கும் ஆஷா லீவுக்கு அவிநாசி வந்தபோது, ஜோதி கொடுத்துவிட்ட பாக்கெட். பார்ஸ்னிப். காரட் மாதிரிதான், ஆனால் வெள்ளை. ஜோதி பார்த்துக்கொள்ளும் இங்கிலாந்துக் கிழவிக்கு வாரத்தில் மூன்று நாள் இதை வேகவைத்து மசித்து ஊட்டுகிறாளாம்.

அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. புருஷனான என்னைக் கூட்டிக்கொண்டு போக அந்த விசாவில் இடமில்லை. அவள் இருக்கும் ஊர், அறை, குளிர் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் கிழங்கையாவது கையில் பிடித்துப் பார்க்கலாமே என்றுதான் கேட்டு வாங்கினேன். அவளிடம் காரணம் சொல்லவில்லை. சும்மா என்றேன்.

நெருப்பெரிச்சலில் நான் குடியிருக்கும் லைன் வீட்டின் சொந்தக்காரர் மகுடேஸ்வரன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டார். “ஏனுங்க தம்பி, முள்ளங்கி போட்டா ஒரு மாசத்துல சாம்பார் வெச்சிரலாமுங்க. இது என்னத்துக்குங்க?” என்றார். சிரித்து வைத்தேன். ஒன்றரை அடி தோண்டினதில் பாதி கல்.

23 நவம்பர்

முளைக்கவில்லை. காயக் கூடாதென்று நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலிருந்து வேஸ்ட் துணி கொண்டுவந்து நனைத்து மேலே போட்டிருக்கிறேன்.

4 டிசம்பர்

முளைத்துவிட்டது! இருபத்தைந்து நாள். காலையில் துணியைத் தூக்கினால் நூல் நூலாகப் பதினொன்று. போட்டோ எடுத்து அனுப்பினேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள், அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். இன்று கூப்பிடவில்லை. சாயங்காலம் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

25 டிசம்பர்

லீவு. மூன்று வேளையும் ஓட்டல். யாரிடமும் பேசவில்லை, பரோட்டா சொன்னதைத் தவிர.

15 ஜனவரி 2026, பொங்கல்

லைன் வீட்டில் என்னுடையது தவிர ஆறு வீடும் பூட்டு. எல்லோரும் தெற்கே சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் சங்கரன்கோவில் போயிருக்கலாம். போனால் அம்மா கேட்பாள், “அவ எப்பம்டா வருவா?” தெரியாததை எத்தனை தடவை தெரியாது என்பது?

மகுடேஸ்வரன் வீட்டிலிருந்து தூக்குப் போசியில் பொங்கல் வந்தது. சாப்பிட்டுவிட்டு, நல்ல வெயிலில் பாத்தியில் உட்கார்ந்து நெருக்கமாக இருந்த செடிகளைப் பிடுங்கினேன். ஆறு மிச்சம்.

17 ஜனவரி

இரண்டு முழங்கையும் சிவந்து கொப்புளம். வீடியோவில் கையைப் பார்த்ததும் ஜோதி பதறிவிட்டாள். “அத்தான், அந்த இலைப்பால் பட்ட இடத்துல வெயில் பட்டா வெந்துரும். இனிமே முழுக்கை சட்டை போடுங்க. மூடி வைங்க. கிள்ளாதீங்க.” அப்படிக் காட்டு, இப்படிக் காட்டு என்று பத்து நிமிஷம். நர்ஸ் புத்தி.

எரிச்சல்தான். ஆனாலும் இன்றைக்கு மனசு நன்றாக இருந்தது. ஒரு மனுஷி என் கையைப் பார்த்தாள்.

12 பிப்ரவரி

ஜோதி அழுதாள். அவளை வேலைக்கு எடுத்த கம்பெனி வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ளும் அனுமதியை அந்த அரசாங்கம் ரத்து செய்துவிட்டதாம். அறுபது நாளுக்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப வேண்டும்.

“பாவம்” என்று சொன்னேன். போனை வைத்ததும் சந்தோஷமாக இருந்தது. அவள் அழுகிறாள், எனக்குச் சந்தோஷம் — நான் என்ன மாதிரி ஆள்?

15 பிப்ரவரி, ஞாயிறு

இன்று கேட்டாள். “வேற கம்பெனி தேடட்டா, வந்துரட்டா? நீங்க சொல்லுங்க.”

“உன் இஷ்டம் ஜோதி. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்” என்றேன்.

பிறகு சொன்னாள்: “போறப்பவும் இதையேதான் சொன்னீங்க. அந்த வேலைப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு ஒருநாள் முழுக்க உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். போகாதன்னு ஒரு வார்த்தை வரும்னு. நான் வேணுமா வேண்டாமா உங்களுக்கு? அதைத்தான் கேக்கேன்.” போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு நல்ல புருஷனாக நடந்துகொண்டேன் என்றுதானே நினைத்தேன். அவளைத் தடுக்கவில்லை, கட்டிப்போடவில்லை என்று. எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! எல்லாத்தையும் அவ தலையில போட்டுட்டு நான் ஒதுங்கி நின்னுருக்கேன். அவ்வளவுதான்.

17 பிப்ரவரி

கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

18 பிப்ரவரி

கட்டிங் டேபிளில் இருபது லேயர் துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன். பதினோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மேனேஜர் தங்கராஜ் திட்டவில்லை. “மாஸ்டர், ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க” என்றார். வந்தேன். பாத்திப் பக்கம் நின்றேன். ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கலாமா என்று குனிந்தவன், விட்டுவிட்டுப் போனை எடுத்தேன். கூப்பிட்டுச் சொன்னால் தடுமாறும் என்று ஒரு குரல்பதிவு போட்டேன். அதிலும் தடுமாறினேன்.

“ஜோதி, வந்துரு. எனக்கு முடியலை. நீ இல்லாம எனக்கு முடியலை. அங்க இருக்கணும்னு உனக்கு ஆசையா இருந்தா அதையும் சொல்லு, சண்டை போடலாம். ஆனா நீ வரணும். நான் கேக்கேன்.”

இரண்டு நீலக் குறி விழுந்தது. பார்த்துவிட்டாள்.

20 பிப்ரவரி

“டிக்கெட் பாக்கேன்.” அவ்வளவுதான் மெசேஜ்.

14 மார்ச், சனி

கோவை ஏர்போர்ட். மெலிந்திருக்கிறாள். முடியை வெட்டியிருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கருமத்தம்பட்டி வரை வெளியையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் “வெயிலா இருக்கா?” என்று கேட்டேன். “மார்ச் மாசம்லா” என்றாள்.

15 மார்ச்

ஆறு செடியையும் தோண்டினோம். கல்லில் முட்டி முட்டி ரெண்டு கால், மூணு கால் விட்டு வளர்ந்திருக்கிறது. ஒன்றுகூட விரல் தடிமன் தாண்டவில்லை. ஜோதி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்தவே இல்லை. கடைசியில் அழுதாள். அந்தக் கிழவியிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லையாம்.

எண்ணெயில் வதக்கினோம். நடுவில் ஒரே நார். கொஞ்சம் கசப்பு. “இது அது இல்ல” என்றாள். தட்டைக் காலி செய்துவிட்டாள்.

22 மார்ச்

சண்டை. நான் வரச்சொல்லி அவள் வந்ததால், இனி எது சரியில்லை என்றாலும் என் பெயரைச் சொல்லுவாளாம். சொல்லட்டும்.

6 ஏப்ரல், திங்கள்

அவிநாசியில் ஜோதி முன்பு வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரியிலேயே அவளை எடுத்துக்கொண்டார்கள். எட்டு மணி ஷிப்ட். வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதற்குள் கம்பெனியில் கால்மணி நேரம் லேட். என்ன மாஸ்டர், நீங்களே லேட்டா என்று தங்கராஜ் கேட்டார்.

“ஊட்டுக்காரியை வேலையில இறக்கி விட்டுட்டு வந்தேங்க” என்றேன்.

நாளைக்கும் லேட்டாகும் என்றும் சொல்லி வைத்தேன்.