சனிக்கிழமை வரும் மெசேஜ்

ராயபுரம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் உதயாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் உனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, புடவைகூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்தேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் இதைச் சொன்னால் நீ பாதியிலேயே அப்பா சாப்பிட்டாரா என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதி, அங்கே திரும்பி வருகிற பெர்சிஸ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தை நடுவில் நிறுத்தி உன்னால் பேச்சை மாற்ற முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு கன்டெய்னர் யார்டில் இந்த மாதம் பகல் ஷிப்ட், அதனால் முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. கிரேனில் ஏறி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது என்கிறார், டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் வலி நின்றுவிடுகிறது. எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசை முன்பு போலவேதான், பைக்கில் வருவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய்விட்டதால் எதிர்வீட்டு சிலுவையம்மாள் மறுபடி காசிமேட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். உனக்கு என்று சொன்னதும் நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ, மண் இல்லாமல் அலசிக் காயவைத்தது, காசு வாங்காமல் கொடுத்தார். மூன்று கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன். அங்கே ஜன்னலைத் திறந்துவைத்து வறு, இல்லாவிட்டால் போன தடவை போல மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டப் போகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன செப்டம்பர் கடைசியில் விமான நிலையத்தில் உன்னை அனுப்பும்போது, நம் இருவர் பேரிலும் உள்ள கணக்கின் கார்டை உன் கையில் கொடுத்தேன். கார்டு உன்னிடம், பணம் எடுத்தால் மெசேஜ் வருவது என் போனில். அப்போது நான் உனக்கு இரண்டு புத்தி சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்கும். ஊர் தெரியாத இடத்தில் கையில் நிறைய வைத்துக்கொள்ளாதே, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடு என்பது ஒன்று. ஏ.டி.எம். மெசினில் தெரியாத காசில் எதையும் அமுக்காதே, நம் ரூபாயில் எவ்வளவு என்று காட்டினால் அதைப் பார்த்து அமுக்கு என்பது இன்னொன்று. மீன்காரரிடம் விலையை வாயால் சொல்ல வைத்த பிறகுதான் பர்ஸைத் திறக்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்த காசில் கேட்டால் என்னை ஏமாற்ற முடியாது என்று நம்பினேன்.

நீ போன இரண்டாவது வாரம் உன் போன் பழுதாகி மூன்று நாள் உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மூன்று நாளைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. அப்பா யார்டுக்குப் போகவில்லை. நான் ஆபீசுக்குப் போனேன், போகாவிட்டால் வீட்டுச் சுவரைப் பார்த்தே பைத்தியம் பிடித்திருக்கும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வங்கியிலிருந்து மெசேஜ் வந்தது, போலந்தில் க்டான்ஸ்க் என்ற ஊரில் அந்த ஊர்க் காசு நூறு ஸ்லோட்டி எடுக்கப்பட்டது, ரூபாயில் இவ்வளவு என்று. உன் கை போய் மெசினைத் தொட்டிருக்கிறது என்று அந்த ஒரு வரியில் தெரிந்தது. அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. மறுநாள் நீ புதுப் போனில் பேசியபோது, உன் மெசேஜைப் பார்த்துத்தான் உயிர் வந்தது என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நான் மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை.

அதிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் அது வந்தது. பனிக்காலத்தில் உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தபோது ஒன்றரை மணிக்கு, இப்போது மறுபடி பன்னிரண்டரைக்கு. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் போனை மேஜைமேல் நிமிர்த்திவைத்துக்கொண்டு உட்காருவேன். அது அடித்த பிறகுதான் டப்பா திறப்பேன். ஆபீஸ் முழுக்க இது தெரிந்துபோய்விட்டது. சிலுவையம்மாள்கூட, நான் சனிக்கிழமை வீடு திரும்பும்போது வாசலில் நின்றுகொண்டு, இன்னா ஜானட்டு, பொண்ணு மெசினாண்ட போச்சா என்று கேட்பார். போச்சு என்றால் அவருக்கும் ஒரு சிரிப்பு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை போன் அடித்தபோது என் கண்ணாடி கையில் இல்லை. பக்கத்து மேஜை தீனாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். எங்கள் ஆபீசில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, இறக்குமதி ஃபைல்களில் என்னைவிட வேகமான கை. அவன் படித்துவிட்டுத் தன் போனில் என்னவோ தட்டினான். பிறகு, இன்னா மேடம், நூறு ஸ்லோட்டிக்கு இவ்ளோ துட்டு புடிச்சிகீறான் என்றான். பழைய மெசேஜ்களையும் காட்டச் சொன்னான். மூன்று நான்கைப் பார்த்துவிட்டு, ரூபாய்ல காட்டட்டுமான்னு மெசின் கேட்டுருக்கும், உங்க பொண்ணு ஆமான்னு அமுக்கிருக்கும், அப்பால மெசின்காரன் இஷ்டத்துக்கு ஒரு ரேட்ட போட்டுக்கினான், அதுக்கு மேல நம்ம பேங்க்கு ஒவ்வொரு தபாவும் ஒரு சார்ஜ், வாரா வாரம் அந்த மெசினுக்கு நீங்க மொய் எழுதிகினு கீறீங்க மேடம் என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, உதயா. துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு டாலருக்கு என்ன ரேட், யூரோவுக்கு என்ன ரேட் என்று இருபது வருடமாகத் தட்டச்சு செய்கிறவள் நான். பி.காம். படித்தவள். நூறு ஸ்லோட்டிக்கு நானூறு ரூபாய் வீணாகப் போவதை எட்டு மாதமாகப் பார்க்கவில்லை. மெசேஜ் வந்ததா என்று பார்த்தேனே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

அன்று இரவே உன்னிடம் சொன்னேன். இனிமேல் மெசின் கேட்டால் உங்கள் ஊர்க் காசிலேயே கணக்குப் போடச் சொல், மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக எடு, அங்கே ஒரு கணக்குத் திற, நான் நேராக அதற்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன். நீ எல்லாவற்றுக்கும் சரிம்மா என்றாய். கணக்குத் திறக்க ஏதோ காகிதம் வர வேண்டும் என்றாய். பிறகு அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாய். அடுத்த சனிக்கிழமையும் பன்னிரண்டரைக்கு நூறு ஸ்லோட்டி. அதற்கடுத்ததும். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. துறைமுகத்தையே நிர்வாகம் செய்யப் படிக்கப் போனவளுக்கு இந்தச் சின்னக் கணக்கு புரியவில்லையா என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் பாவம், நீ அமுக்கிய பட்டனுக்கு என்னிடம் திட்டு வாங்கினார்.

வியாழக்கிழமை பெர்சிஸ் வந்தாள். அவள் அக்கா கல்யாணம் திருவொற்றியூரில் நல்லபடியாக முடிந்ததாம். உன் அறையில் உன்னோடு இருக்கிற பெண் என்பதால் அவள் முகத்தில் உன்னைத் தேடிக்கொண்டே சோறு போட்டேன். வஞ்சிரம் வறுத்திருந்தேன், நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது நான் இந்த மெசின் புராணத்தை ஆரம்பித்தேன், நீயாவது அவளுக்குச் சொல்லக்கூடாதா என்றேன். அவள் எடுத்த மீன் துண்டைத் தட்டிலேயே வைத்தாள். பிறகு சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். ஆன்ட்டி, அவளுக்கு அங்க கணக்கு நவம்பர்லேர்ந்தே கீது, கடையில வேலை பாக்கற சம்பளம் அதுலதான் வருது, செலவெல்லாம் அதுலேர்ந்துதான், இந்தக் காச எடுத்துகினு வந்து டப்பாவுல போட்டு வச்சிகீறா, நீங்க மெசேஜ் பாத்துட்டுதான் சாப்புடுவீங்கன்னு சனிக்கிழமை ஆனா மெசினாண்ட போறா என்றாள். நானும் எவ்ளோ தபா சொன்னேன், சார்ஜ் போவுது பேஜாருடின்னு, எங்கம்மா நிம்மதிக்கு நானூறு ரூபா சீப்புதான்னு சொல்றா என்றாள்.

உதயா, அது மட்டும் என்றால் நான் சிரித்திருப்பேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மெசேஜ் ஒன்றரைக்கு வரவில்லை, நான்கு மணிக்குத்தான் வந்தது. அன்று மாலை உன்னிடம், என்னம்மா இன்றைக்கு என்னைப் பட்டினி போட்டுவிட்டாயே என்று விளையாட்டாகக் கேட்டேன். மெசினில் கூட்டம் என்றாய். பெர்சிஸ் சொல்லித்தான் தெரிந்தது, மெசினுக்குப் போகும் வழியில் ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து அறைக்கு வராமல், நேராக அந்த மெசினுக்கே நீ போயிருக்கிறாய். இடது கையால் அமுக்கினாயாம். நான் இங்கே டப்பாவைத் திறந்து ஆறிப்போன சோற்றைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன்.

பெர்சிஸ் போன பிறகு எல்லா மெசேஜையும் முதலிலிருந்து படித்தேன். நேற்று வந்ததையும் சேர்த்தால் முப்பத்தெட்டு. வங்கியின் கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நீ பனியில் நடந்துபோய் எனக்கு எழுதியது. எனக்கு யாரும் இப்படி எழுதியதில்லை. உன் அப்பாவும் எழுதியதில்லை, அவரிடம் இதைச் சொல்லிவிடாதே. பெர்சிஸ் சொன்னது எல்லாவற்றையும் மட்டும் அவரிடம் சொன்னேன். பொண்ணு சார்ஜு கட்டி ஆத்தாவுக்கு சோத்து மணி அடிச்சிகீது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போய், காலையில் கழுவிய பைக்கை மறுபடி கழுவினார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வங்கிக்குப் போனேன். தீனா சொல்லி அனுப்பியிருந்தான், கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள் மேடம், நான் இவ்வளவு ரூபாய் கொடுத்தால் அவள் கணக்கில் எத்தனை ஸ்லோட்டி போய் விழும் என்று மட்டும் கேளுங்கள் என்று. மூன்று இடத்தில் கேட்டேன். கட்டணமே இல்லை என்று போர்டு வைத்திருந்த இடத்தில்தான் குறைவாக விழுந்தது, அவர்கள் ரேட்டிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் நம் வங்கியிலேயே, உன் கல்லூரிக் கடிதத்தின் நகலைக் கொடுத்து, அடுத்த மூன்று மாதத்துக்கானதைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். அறை வாடகைக்காகப் பெர்சிஸிடம் உன் கணக்கு எண் இருந்தது, அதற்கும் அவளைத் திட்டாதே. ஒரே கட்டணம், ஒரே தடவை. இந்தக் கடிதம் வருவதற்குள் பணம் வந்திருக்கும். டப்பாவில் இருக்கிற பணத்தில் நல்ல ஷூ வாங்கு, வழுக்காத அடி உள்ளதாக. இப்போது கோடைதானே என்று தள்ளிப்போடாதே, கோடையில்தான் விலை குறைவாக இருக்கும் என்று பெர்சிஸ் சொன்னாள்.

கார்டைத் தூக்கிப் போடாதே. பெட்டியின் உள்பையில் வை, ரகசிய எண்ணை அதோடு எழுதி வைக்காதே. அவசரம் என்றால் மட்டும் எடு, அப்போது வங்கிச் சுவரில் உள்ள மெசினில் எடு, கடைத்தெரு மூலையில் தனியாக நிற்கிறதில் வேண்டாம். ரூபாயில் காட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். விமான நிலையத்தில் நான் சொன்ன இரண்டு புத்தியையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தெரிந்த காசில் கேட்டால் ஏமாற மாட்டோம் என்று நினைத்தேன், தெரிந்த காசைக் காட்டித்தான் மெசின்காரன் எடுத்திருக்கிறான்.

உன்னைப் பெற்றதற்கு மாதாவுக்கு நன்றி சொல்வதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நீ எனக்குக் கொடுத்த முப்பத்தெட்டு சனிக்கிழமையும் என் போனில் இருக்கிறது, அழிக்கமாட்டேன். ஆண்டவர் உன் காலடியைக் காக்கட்டும். மணிக்கட்டு மழைநாளில் வலிக்கிறதா என்று உண்மையைச் சொல், பேச்சை மாற்றாதே.

வருகிற சனிக்கிழமை இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும். அன்று நீ மெசினுக்குப் போகக்கூடாது. ஒன்றிரண்டு வாரம் நான் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன், தீனா கேலி செய்வான், செய்யட்டும். பன்னிரண்டரை மணிக்குப் போன் சும்மா கிடந்தால், என் மகள் அங்கே காலை ஒன்பது மணிக்குப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்து சாப்பிடுவேன்.

உன் அன்புள்ள அம்மா,
ஜானட்